ஸ்பானிஷ் வினைச்சொற்கள்: எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குபவர்கள் முதல் மாதத்திலேயே மாட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. எந்த வினைச்சொற்களை முதலில் படிப்பது? பாடப்புத்தகம் அப்லார் (பேசு), கொமேர் (சாப்பிடு), பிபீர் (வாழ்) என்று ஒழுங்கான மூன்றை வைத்துத் தொடங்குகிறது. இணையத்தில் பார்த்தால் 'அதிகம் புழங்கும் 100 வினைகள்' என்று பட்டியல். இன்னொருவர் "இலக்கணமே வேண்டாம், வாக்கியம் வாக்கியமாக மனப்பாடம் செய்யுங்கள்" என்கிறார். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு, எதிலும் பிடி கிடைக்காமல் நிற்பவர்கள் நிறைய.

குழப்பம் வருவது நியாயம்தான். ஸ்பானிஷில் ஒரு வினைக்கு நிகழ்காலத்தில் மட்டும் ஆறு வடிவங்கள். இறந்தகாலம் இரண்டு வகை, எதிர்காலம், நிபந்தனை வடிவம், சப்ஜங்க்டிவ் (விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் வடிவம்) என்று போனால், கூட்டுக் காலங்களை விட்டுவிட்டாலும் 40க்கு மேல் சேர்ந்துவிடும். இத்தனையையும் ஒரே நேரத்தில் யாரும் படிப்பதில்லை. எதை முதலில், எதைப் பிறகு என்பதுதான் விஷயம்.

ஒலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், எல்லாம் தோராயம்தான். 'பிபீர்', 'போய்' போன்ற சொற்களில் வரும் 'ப', 'பம்பரம்' என்பதில் 'ம்'முக்கு அடுத்து வருகிற மெல்லிய ஒலி. 'பொதேர்', 'புவேதோ' இரண்டிலும் முதலில் வருவது 'பல்' என்பதில் உள்ள வல்லொலி. ஒவ்வொன்றையும் ஒருமுறை காதால் கேட்டுக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

எந்த வழியைப் பற்றியும் ஐந்து கேள்விகள் கேட்கலாம்.

- எவ்வளவு சீக்கிரம் வாய் திறந்து நினைத்ததைச் சொல்ல முடியும்?
- ஒன்றைப் படித்தால் அது எத்தனை சொற்களுக்குப் பயன்படும்?
- எதிரில் இருப்பவர் பேசுவது புரியுமா?
- நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டி வரும்போது என்ன ஆகும்?
- பிறகு அழித்து எழுத வேண்டிய தவறான பழக்கம் ஏதும் ஒட்டிக்கொள்ளுமா?

கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அதிகம் கஷ்டப்படுத்துவது அதுதான்.

## வழி 1: ஒழுங்கு வினைகளின் வாய்பாடு

ஸ்பானிஷ் வினைகளின் மூல வடிவம் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று முடிவுகளில் ஒன்றில் முடியும். முடிவை வெட்டிவிட்டு, ஆளுக்கு ஏற்ற விகுதியைச் சேர்க்க வேண்டும். அப்லார்: ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்), ஆப்லா (பேசுகிறார்), அப்லாமோஸ் (பேசுகிறோம்), அப்லாயிஸ் (ஸ்பெயினில் நெருங்கியவர்கள் பலரை அழைத்துப் பேசும்போது வரும் வடிவம்), ஆப்லான் (பேசுகிறார்கள்).

தமிழ் பேசுபவருக்கு இது புதிய யோசனையே அல்ல. 'பேசுகிறேன்' என்றால் போதும், 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஸ்பானிஷிலும் அப்படித்தான், ஆப்லோ என்பதற்குள்ளேயே 'நான்' இருக்கிறது. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்பவர்கள் இந்த இடத்தைப் பெரிய மலையாகப் பார்க்கிறார்கள். அவர்களுக்காக எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு நாமும் பயப்பட வேண்டியதில்லை.

இந்த வழியின் பெரிய பலம் பரவல். ஆர் முடிவு வினைகள்தான் மொழியில் மிக அதிகம். இணைய அரட்டைக்கு வந்த சதெயார் போன்ற புதிய வினைகளும் வழக்கமாக இந்தக் கூட்டத்தில்தான் சேர்கின்றன. ஏர், ஈர் முடிவுகளுக்கு நிகழ்காலத்தில் 'நாங்கள்' வடிவத்திலும் ஸ்பெயினின் பன்மை வடிவத்திலும் மட்டுமே வித்தியாசம். இறந்தகாலத்தில் இரண்டும் ஒரே வாய்பாடு. ஆக, படிக்க வேண்டியது பார்வைக்குத் தெரிவதைவிடக் குறைவு.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். அன்றாடம் வாயில் வரும் வினைகள் பெரும்பாலும் இந்த வாய்பாட்டுக்கு அடங்காதவை. இரு, போ, வா, செய், சொல், கொடு, முடியும், வேண்டும், தெரியும் எல்லாமே எங்காவது முறை தவறும். ஒரு மாதம் வாய்பாடு ஒப்பித்தவர் "நான் பேசுகிறேன், நான் சாப்பிடுகிறேன், நான் வாழ்கிறேன்" என்று சொல்வார். "போகணும்", "முடியல" என்று சொல்ல வராது.

இன்னொன்று, வாய்பாடு மண்டையில் ஏறிவிட்டால் எல்லாவற்றுக்கும் அதையே போடத் தோன்றும். சபேர் (தெரிதல்) என்பதற்கு 'எனக்குத் தெரியும்' சே என்பதுதான். கற்பவர் சாபோ என்பார். ஸ்பானிஷ் பேசும் வீட்டுச் சின்னக் குழந்தைகளும் இதே தவறைச் செய்வதுண்டு என்பதால் பெரிதாக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் குழந்தையைத் திருத்த வீடு முழுக்க ஆள் இருக்கிறது. நமக்கு அப்படி இல்லை.

அழுத்தத்தையும் இந்த வழியில் தொடக்கத்திலேயே காதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். முதல் அசையை அழுத்தி ஆப்லோ என்றால் 'பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தி அப்லோ என்றால் 'அவர் பேசினார்'. எழுத்தில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். அட்டவணையைக் கண்ணால் மட்டும் படித்தவருக்கு இது காதில் பிடிபடாது.

தேர்வு எழுதப் போகிறவர், பள்ளி கல்லூரியில் பாடமாக எடுத்தவர், ஒழுங்கு தெரிந்தால்தான் மனம் அமைதியாகும் என்ற ரகம், இவர்களுக்கு இதுவே சரி. செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் தெலே என்ற ஸ்பானிஷ் தேர்ச்சித் தேர்வுக்குப் போனால் வாய்பாட்டைத் தவிர்க்கவே முடியாது.

## வழி 2: புழக்கப் பட்டியல்

அதிகம் வரும் வினைகளை வரிசையாகப் படி, மற்றவை தானாக வரும் என்பது இதன் வாதம். செர், எஸ்தார் (இரண்டும் 'இரு'), தெனேர் (வைத்திரு), அசேர் (செய்), பொதேர் (முடியும்), ஈர் (போ), தெசீர் (சொல்), பெர் (பார்), தார் (கொடு), சபேர் (தெரிதல்), கெரேர் (விரும்பு) என்று பட்டியல் தொடங்கும். கேட்டுப் புரிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. எந்த உரையாடலைக் கேட்டாலும் இவற்றில் ஒன்றாவது ஓரிரு வாக்கியத்துக்குள் வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அதிகம் புழங்கும் வினைகள்தான் அதிகம் கோணலானவை. ஈர் (போ) என்பதற்கு 'போகிறேன்' போய். ஆம், தமிழின் 'போய்' மாதிரியே, முதல் எழுத்து மட்டும் மெல்லொலி. இதை மறக்கவே முடியாது. ஆனால் பட்டியலில் உள்ள எல்லாம் இப்படி வாய்க்காது. தெனேர் தெங்கோ ஆகிறது, அடுத்த வடிவம் தியேனெஸ், 'நாங்கள்' என்றால் மறுபடி தெனேமோஸ். முதல் பத்து வினைகளிலேயே பத்து விதமான கோணல்களைப் பார்த்தால், இந்த மொழியில் ஒழுங்கே இல்லை என்ற தவறான முடிவுக்கு ஒருவர் வந்துவிடலாம். பாதியில் விட்டுவிடுபவர்கள் இந்த வழியில்தான் அதிகமாக இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

பட்டியலில் ஒரு பொறியும் உண்டு. அபேர் என்ற வினை எப்போதும் உச்சியில் நிற்கும். அது அங்கே நிற்பதற்குப் பெரிய காரணம், கூட்டு இறந்தகாலங்களில் துணைவினையாக வருவது. தொடக்கத்தில் அதன் ஒரே ஒரு வடிவம் போதும்: அய், அதாவது 'இருக்கிறது, உண்டு'. இது தெரியாமல் அபேரின் ஆறு வடிவங்களையும் முதல் வாரமே உருப்போடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மறுபக்கம், புதிய ஊரில் இறங்கியவுடன் தேவைப்படும் வாங்கு (கொம்ப்ரார்), பணம் கொடு (பகார்), உதவு (அயுதார்) எல்லாம் பட்டியலில் வெகு கீழே கிடக்கும். புழக்கம் வேறு, உங்கள் தேவை வேறு.

இறந்தகாலத்தில் இந்த வழிக்காரருக்கு ஒரு சின்னப் பரிசு காத்திருக்கிறது. செர் (ஆக இரு), ஈர் (போ) இரண்டுக்கும் எளிய இறந்தகால வடிவங்கள் ஒன்றே: ஃபுயி, ஃபுயிஸ்தெ, ஃபுவே. ஒன்றைப் படித்தால் இரண்டு கிடைத்துவிடும், பொருள் இடம் பார்த்து விளங்கும். இறந்தகாலத்தில் வழக்கமாக நடந்ததைச் சொல்லும் இன்னொரு வகையிலோ, மொழி முழுவதிலும் முறை தவறுபவை செர், ஈர், பெர் ஆகிய மூன்றே.

பாட்டு, தொடர், செய்தி என்று கேட்பதும் பார்ப்பதும்தான் முதல் நோக்கம் என்றால் இந்த வழி. ஆறு வடிவங்களையும் அல்ல, நான், நீ, அவர் என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமை பாதியாகும்.

## வழி 3: ஐந்து துணைகளும் மூல வடிவங்களும்

என் ஓட்டு இதற்குத்தான். காரணம் தமிழிலேயே இருக்கிறது.

பேச விரும்புகிறேன், பேச முடியும், பேச வேண்டும், பேசப் போகிறேன், பேசப் பிடிக்கும். 'பேச' மாறவே இல்லை, பின்னால் வரும் சொல்தான் மாறுகிறது. ஸ்பானிஷில் இதே அமைப்பு, வரிசை மட்டும் தலைகீழ். முன்னால் துணை, பின்னால் மூல வடிவம்:

- கியேரோ அப்லார்: பேச விரும்புகிறேன்
- புவேதோ அப்லார்: பேச முடியும்
- தெங்கோ கே அப்லார்: பேசியாக வேண்டும்
- போய் ஆ அப்லார்: பேசப் போகிறேன்
- மெ குஸ்தா அப்லார்: பேசப் பிடிக்கும்

மூல வடிவத்துக்கு விகுதி கிடையாது, கோணலும் கிடையாது. அகராதியில் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துப் போடலாம். இருபது மூல வடிவங்கள் தெரிந்தால் நூறு வாக்கியம். முன்னால் 'நோ' போட்டால் எதிர்மறை. துணைகளின் 'நீ' வடிவத்தையும் (கியேரெஸ், புவேதெஸ், தியேனெஸ் கே, பாஸ் ஆ, தெ குஸ்தா) சேர்த்துக்கொண்டு குரலை உயர்த்தினால் கேள்வி.

மெ குஸ்தா மற்றவர்களுக்குத் தலைவலி, நமக்கு இனாம். 'எனக்குப் பிடிக்கும்' என்பதன் அச்சு அது. பிடிப்பவருக்கு 'கு' உருபு, பிடித்த பொருள்தான் எழுவாய். பிடித்தவை பலவாக இருந்தால் மெ குஸ்தான் என்று மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

'அதை', 'அவளை' போன்ற சொற்களை எங்கே வைப்பது என்ற குழப்பமும் இங்கே குறைவு. மூல வடிவத்தின் வாலில் ஒட்டிவிடலாம்: கியேரோ கொம்ப்ரார்லோ, 'அதை வாங்க விரும்புகிறேன்'.

சரி, செலவு? நிறையவே இருக்கிறது, அதனால்தான் இதை மந்திரம் மாதிரி விற்பவர்களை நம்ப வேண்டாம் என்பேன்.

முதல் செலவு காது. நீங்கள் மூல வடிவத்தில் கேட்பீர்கள், பதில் விகுதியோடு வரும். "இங்கே சாப்பிட முடியுமா?" என்று அழகாகக் கேட்டுவிட்டு, வரும் பதிலில் ஒரு வினையும் புரியாமல் நிற்க நேரும். இரண்டாவது இறந்தகாலம். "நேற்று என்ன செய்தாய்?" என்றால் இந்த வழியில் பதிலே இல்லை. அகாபோ தெ என்று தொடங்கினால் 'இப்போதுதான் செய்தேன்' என்று சொல்லலாம், ஆனால் அது நேற்றைக்கு உதவாது.

மூன்றாவதுதான் மோசமானது. 'நான் வர விரும்புகிறேன்' என்பதற்கு மூல வடிவம் போதும். 'நீ வர வேண்டுமென்று விரும்புகிறேன்' என்றால் ஆள் மாறுகிறது, உடனே சப்ஜங்க்டிவ் தேவை: கியேரோ கே பேங்காஸ். மூல வடிவத்திலேயே ஊறிப்போனவர் இங்கும் அதையே ஒட்டவைப்பார். சொல்ல வந்தது எதிராளிக்கு ஏறக்குறைய விளங்கிவிடும் என்பதால் யாரும் திருத்தவும் மாட்டார்கள். அந்தப் பழக்கம் கெட்டிப்பட்டுவிடும். இதற்கு என் யோசனை: தொடக்கத்தில் வேறொருவர் செய்ய வேண்டியதைப் பற்றிக் 'கியேரோ' போட்டுப் பேசவே வேண்டாம். "நீ வர முடியுமா?" என்று புவேதெஸ் வைத்துக் கேட்டுவிடுங்கள்.

குளி, எழுந்திரு போன்ற தன்வினைகளில் வாலும் ஆளுக்கேற்ப மாறும்: எனக்கு துச்சார்மெ, அவருக்கு துச்சார்செ. அப்புறம், கடையில் நின்று வெறும் கியேரோ என்றால் கொஞ்சம் அதிகாரமாகக் கேட்கும். கிசியேரா அல்லது மெ குஸ்தாரியா என்றால் பணிவு.

சீக்கிரம் பேசியே ஆக வேண்டியவர், வேலைக்கோ பயணத்துக்கோ கிளம்புபவர், படிக்க ஒழுங்கான நேரம் கிடைக்காதவர் இந்த வழியைப் பிடிக்கலாம்.

## வழி 4: முழு வாக்கியங்களாக

ஒரு வாரப் பயணத்துக்கு இது போதும். தோந்தெ எஸ்தா (எங்கே இருக்கிறது), குவான்தோ குவேஸ்தா (என்ன விலை), மெ யாமோ (என் பெயர்) போன்ற இருபது வாக்கியங்களை இலக்கணம் தொடாமல் படித்துவிடலாம், உச்சரிப்பும் நன்றாக வரும். ஆனால் ஒரு சொல்லைக்கூட மாற்றிப் போடத் தெரியாது. மொழியில் நீடிக்க நினைப்பவர் இதைத் தனி வழியாக எடுக்காமல், மற்ற மூன்றில் ஒன்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஒழுங்கு வாய்பாடு | புழக்கப் பட்டியல் | துணை + மூல வடிவம் | முழு வாக்கியம் |
|---|---|---|---|---|
| பேசத் தொடங்கும் வேகம் | மெதுவு | நடுத்தரம் | வேகம் | மிக வேகம் |
| மற்ற சொற்களுக்குப் பரவுவது | மிக அதிகம் | குறைவு | அதிகம் | அனேகமாக இல்லை |
| கேட்டால் புரிவது | நடுத்தரம் | அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| இறந்தகாலத்துக்கு நகர்வது | எளிது | கடினம், ஆனால் பயனுள்ளது | புதிதாகத் தொடங்க வேண்டும் | முடியாது |
| ஒட்டிக்கொள்ளும் தவறு | கோணல் வினையையும் ஒழுங்காக்குவது | ஒழுங்கே இல்லை என்ற பயம் | எங்கும் மூல வடிவம் | வடிவங்களைப் பிரிக்கத் தெரியாமை |
| யாருக்கு | தேர்வு எழுதுபவர் | கேட்க, பார்க்க விரும்புபவர் | சீக்கிரம் பேச வேண்டியவர் | சில நாள் பயணி |

## எந்த வழியிலும் தப்ப முடியாத நான்கு

தமிழில் 'இரு' ஒன்றே பல வேலை செய்கிறது. ஸ்பானிஷில் அந்த வேலையை நான்காகப் பிரித்திருக்கிறார்கள்: செர், எஸ்தார், தெனேர், அய். மேலே எந்த வழியை எடுத்தாலும் இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே தொட்டாக வேண்டும்.

பாடங்களில் சொல்வது, நிரந்தரம் என்றால் செர், தற்காலிகம் என்றால் எஸ்தார் என்று. அது சீக்கிரம் உடைந்துவிடும். ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு எஸ்தா முவேர்தோ, அதாவது எஸ்தார். அதைவிட நிரந்தரம் எது?

தமிழை வைத்துப் பார்ப்பது இதைவிட நன்றாக உதவும். தமிழில் வினையே இல்லாமல் 'நான் ஆசிரியர்' என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலும் செர்: சோய் புரொஃபெசோர். 'இருக்கிறேன்' என்று சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் பெரும்பாலும் எஸ்தார்: எஸ்தோய் என் காசா, வீட்டில் இருக்கிறேன். எஸ்தோய் கன்சாதோ, சோர்வாக இருக்கிறேன் (பெண் சொன்னால் கன்சாதா). 'ஒரு பிரச்சினை இருக்கிறது' என்று ஒன்றின் இருப்பைச் சொன்னால் அய் உன் புரொப்லேமா. 'என்னிடம் இருக்கிறது' என்றால் தெங்கோ.

இந்த உதவியும் சில இடங்களில் கைவிடும். 'உயரமாக இருக்கிறார்' என்பதற்கு எஸ்தார் அல்ல, செர்: எஸ் ஆல்தோ. ஆளின் இயல்பைச் சொல்கிறோம் அல்லவா. கூட்டமோ திருமணமோ எங்கே நடக்கிறது என்று சொல்லவும் செர்தான். 'எனக்கு 20 வயது' என்பதில் தமிழில் வினையே இல்லை, அங்கே தெனேர் வரும்: தெங்கோ பெயின்தெ ஆன்யோஸ். பசி, தாகம், குளிர், பயம் எல்லாமும் தெங்கோவோடுதான். 'எனக்குப் பசிக்கிறது' என்பது தெங்கோ ஆம்ப்ரெ. இந்த விதிவிலக்குகளை விதியாக மாற்ற முயலாமல், வாக்கியமாகவே மனதில் ஏற்றிக்கொள்வது நல்லது. நான்காவது வழிக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது.

## கலந்து படிப்பதானால்

முதலில் ஐந்து துணைகள், 'நான்', 'நீ' வடிவங்களில் மட்டும். கூடவே மேலே சொன்ன நான்கு. தெங்கோ இரு பட்டியலிலும் வருவதால் சுமை அவ்வளவாக இல்லை. அதோடு உங்கள் அன்றாடத்துக்கு வேண்டிய இருபது மூல வடிவங்கள். அதை இணையப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், ஒரு நாளில் நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று எழுதிப் பார்த்து எடுங்கள்.

வாய் கொஞ்சம் பழகியதும் ஆர் வாய்பாட்டுக்கு வாருங்கள். அந்த இருபதில் பாதிக்கு மேல் ஆர் முடிவாகத்தான் இருக்கும், ஏற்கெனவே தெரிந்த சொற்களுக்கு விகுதி மட்டும் போடுவதால் சலிக்காது. பிறகு ஏர், ஈர். கோணல் வினைகளை ஒவ்வொன்றாக அல்லாமல் கூட்டமாகப் படியுங்கள்: 'நான்' வடிவத்தில் 'கோ' வருபவை (தெங்கோ, பேங்கோ, போங்கோ, சால்கோ, ஆகோ, தீகோ) ஒரு கூட்டம். உள்ளே உயிரொலி உடைபவை (கெரேர், கியேரோ, பொதேர், புவேதோ) இன்னொரு கூட்டம். உடைபவற்றில் 'நாங்கள்' வடிவம் உடையாது: கெரேமோஸ், பொதேமோஸ். இறந்தகாலத்தை இதற்குமேல் தள்ளிப்போட வேண்டாம்.

எந்த நாட்டு ஸ்பானிஷ் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட்டால் வேலை குறையும். தூ என்பது 'நீ', உஸ்தெத் என்பது 'நீங்கள்', ஆனால் உஸ்தெத்துக்கு 'அவர்' வடிவ வினைதான் போட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களை அழைக்கும்போது லத்தீன் அமெரிக்கா முழுவதும் உஸ்தேதெஸ் மட்டுமே, அதற்கு 'அவர்கள்' வடிவம். நெருங்கியவர்கள் பலரை அழைக்கும் போசோத்ரோஸ் ஸ்பெயினில்தான். லத்தீன் அமெரிக்காவுக்கான ஸ்பானிஷ் வேண்டும் என்றால் வாய்பாட்டில் அப்லாயிஸ் வரிசையை அப்படியே விட்டுவிடலாம், ஆறு ஐந்தாகிவிடும்.

அர்ஜென்டினா, உருகுவே பக்கம் 'நீ' என்பதற்குப் பெரும்பாலும் தூ அல்ல, போஸ். அதற்குத் தனி வடிவம்: தெனேஸ், கெரேஸ், பொதேஸ். பார்த்தீர்களா, உயிரொலி உடையவில்லை. தொடங்குபவருக்கு இது தூ வடிவத்தைவிட எளிது. செர் மட்டும் சோஸ் என்று வரும். பல பாடங்கள் போஸ் வடிவத்தைக் காட்டுவதே இல்லை. 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரசக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எந்த வினையைத் தேடினாலும் வாய்பாட்டில் தூவுக்குப் பக்கத்திலேயே போஸ் வடிவத்தையும் கொடுத்திருக்கிறார்கள்.